காலேஜ் மாறி வந்தவங்களோட முதல் செமஸ்டர் மார்க்க வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அட்மிஷன் நேரத்துல உங்க பேப்பர்ல பக்கம் பக்கமா எழுதுறீங்க, எந்த கோர்ஸ் எடுக்கலாம், கடைசி தேதி எப்போ, என்னென்ன சர்டிஃபிகேட் வேணும்னு எல்லாம் வருது, உபயோகமாவும் இருக்கு. ஆனா சேர்ந்ததுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு யாரும் பெருசா எழுதுறதில்ல. அதுவும் நடுவுல வந்து சேருறவங்களப் பத்தி ஒரு வரி கூட நான் பார்த்ததில்ல. சின்ன காலேஜ்ல ஒன்னு ரெண்டு வருஷம் படிச்சுட்டு அங்கருந்து பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறி வர்றவங்க, டிப்ளமா முடிச்சுட்டு நேரா ரெண்டாவது வருஷத்துல வந்து உக்கார்றவங்க, வெளிநாட்டுல கம்யூனிட்டி காலேஜ்ங்கற ரெண்டு வருஷ காலேஜ்ல ஆரம்பிச்சு மூணாவது வருஷம் யுனிவர்சிட்டி போறவங்க, இவங்களத்தான் சொல்றேன். நான் யுனிவர்சிட்டில கணக்கு சொல்லிக் குடுக்குறேன். எந்த டிபார்ட்மென்ட்டா இருந்தாலும் கணக்கு பேப்பர் ஒன்னாவது இருக்கும்ங்கறதால இப்படி மாறி வர்ற புள்ளைங்க நிறைய பேர் என் கிளாஸ்லதான் முதல் அடி வாங்குறாங்க. அத கிட்ட இருந்து பார்த்துட்டு எழுதாம இருக்க முடியல, கொஞ்சம் நீளமா இருந்தாலும் போடுங்க.

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், மாறி வர்ற புள்ளைங்க யாரும் படிப்புல சுமாரானவங்க இல்ல. முன்னாடி இருந்த இடத்துல நல்லா மார்க் எடுத்ததாலதான் இங்க சீட்டே கிடைச்சுது. நிறைய பேர் அங்க கிளாஸ் ஃபர்ஸ்ட், டீச்சருங்க பேர் சொல்லி மத்தவங்களுக்கு உதாரணம் காட்டின புள்ளைங்க. இங்க வந்து ரெண்டு மாசத்துல மிட்டெர்ம் வருது, பேப்பர் திருத்திக் குடுக்குறோம், 100க்கு 38, 41ன்னு இருக்கு. மார்க்க மட்டும் பார்த்துட்டு உள்ள என்ன தப்புன்னு ஒரு பக்கம் கூட புரட்டாம அப்படியே மடிச்சு பைக்குள்ள வெச்சுடுறாங்க. அடுத்த வாரம் கடைசி பெஞ்சு, அதுக்கடுத்த வாரம் ஆளே வர்றதில்ல. வாழ்க்கைலயே முதல் தடவையா ஃபெயில் மார்க் பார்க்குறவங்களுக்கு அத யார்கிட்ட போய் சொல்றதுன்னு தெரியல, வீட்ல சொன்னா 'பேசாம அங்கயே படிச்சிருக்கலாம்ல'ன்னு ஒரு வார்த்தை வந்துடுமோன்னு பயம், கூடப் படிக்கிறவங்ககிட்ட சொல்லலாம்னா அவங்க எல்லாம் முதல் வருஷத்துலருந்தே செட் செட்டா இருக்காங்க, இவங்க எந்த செட்லயும் இல்ல. அப்போ தானா ஒரு முடிவுக்கு வந்துடுறாங்க, இந்த லெவல் நமக்கு சரிப்பட்டு வராது, அங்க வாங்கின மார்க்கெல்லாம் சும்மா அள்ளிப் போட்டது, நமக்கு நிஜமா ஒன்னும் தெரியாதுன்னு.

அந்த முடிவுதான் தப்பு, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

அமெரிக்கால ரெண்டு வருஷ ஜூனியர் காலேஜ்லருந்து யுனிவர்சிட்டிக்கு மாறுறது ரொம்ப காலமா நடக்குது, அதனால இதப் பத்தி ஆராய்ச்சியும் அங்க நிறைய. 1965லயே ஜான் ஹில்ஸ்ங்கிறவர் அதுவரைக்கும் வந்த ஆய்வுகள எல்லாம் சேர்த்து வெச்சுப் பார்த்துட்டு, மாறி வந்த முதல் செமஸ்டர்ல மார்க் கணிசமா குறையுறது எதிர்பார்க்க வேண்டிய ஒன்னுதான்னு எழுதினார், அதுக்கு 'டிரான்ஸ்ஃபர் ஷாக்'னு ஒரு பேரே இருக்கு. தொடர்ந்து படிக்கப் படிக்க மார்க் திரும்ப மேல ஏறுதுன்னும் அவரே அதுல சொல்லியிருக்கார், மத்தவங்கள விட டிகிரி முடிக்க கொஞ்சம் கூட நாள் ஆகலாம்னும் சொல்லியிருக்கார். அப்புறம் 1992ல டயஸ்ங்கிறவர் 62 ஆய்வுகள எடுத்துப் பார்த்தார். முக்கால்வாசிக்கும் மேல ஆய்வுகள்ல அந்த இறக்கம் இருந்துச்சு, ஆனா பெரும்பாலும் அது அரை கிரேடு பாயின்ட், இல்லன்னா அதுக்கும் கம்மி. அதாவது 4க்கு 3.4ல இருந்த புள்ளை 2.9க்கு வர்றது. அப்படி இறங்கினவங்க பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்ளயே மறுபடி ஏறிட்டாங்கன்னும் அவர் பார்த்தார். இந்த விஷயத்த அட்மிஷன் அன்னிக்கே ஒரு பேப்பர்ல பிரிண்ட் போட்டு கைல குடுத்தா என்ன? எத்தனை புள்ளைங்களுக்கு ராத்திரி தூக்கம் மிஞ்சும். படிப்புல இருந்தாதான ஏற முடியும், நடுவுல விட்டுட்டுப் போனவங்க எந்தக் கணக்குலயும் ஏற மாட்டாங்க, அதனாலதான் அந்த முதல் சில மாசம் இவ்வளவு முக்கியம்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

ஏன் மார்க் குறையுதுன்னு கேட்டா அறிவு குறைஞ்சு போனதால கிடையாது. இவங்க ஓடுற பஸ்ல வந்து ஏறுறாங்க. கிளாஸ்ல நாங்களே யோசிக்காம 'இத போன செமஸ்டர்ல பார்த்தோம்ல, அதனால வேகமா போறேன்'னு சொல்லிட்டு ரெண்டு ஸ்டெப்ப தாண்டிப் போயிடுறோம், அந்த போன செமஸ்டர்ல இவங்க இங்க இல்ல. அங்க வேற புக்கு, வேற வரிசை. அங்க வெக்டருக்கு மேல அம்புக்குறி போட்டுப் பழகியிருப்பாங்க, இங்க புக்குல வெறும் தடிச்ச எழுத்துல இருக்கும், இதுவும் அதுவும் ஒன்னுதான்னு புரியவே ஒரு வாரம் போயிடும். ரெண்டு இடத்துலயும் கோர்ஸ் பேர் ஒன்னா இருக்கும், ஆனா அங்க கடைசி யூனிட் நடத்தாம விட்டிருப்பாங்க, இங்க அந்த யூனிட்லருந்துதான் அடுத்த கோர்ஸே ஆரம்பிக்கும்.

இத விடப் பெரிய வித்தியாசம் கேள்வி கேக்குற விதத்துல இருக்கு. ஒரு பொண்ணு, நல்லா படிக்கிற பொண்ணு, மிட்டெர்ம் பேப்பரோட என் ரூம் வாசல்ல வந்து நின்னா, உள்ள வரவே தயங்கினா. உக்கார வெச்சு பேப்பர விரிச்சுப் பார்த்தோம். மூணு வெக்டர் குடுத்து இது லீனியர்லி டிபென்டன்ட்டா இல்லயா, ஏன்னு கேள்வி, 10 மார்க். அவ மூணையும் வரிசையா அடுக்கி ரோ ரிடக்ஷன், அதாவது வரிகள கூட்டிக் கழிச்சு சுருக்குற முறை, அழகா போட்டிருந்தா, ஒரு கூட்டல் கழித்தல் கூட தப்பில்ல, கடைசி வரி முழுக்க ஜீரோன்னு வந்துச்சு, அதுக்குக் கீழ ரெண்டு கோடு இழுத்து முடிச்சுட்டா. அந்த ஜீரோ வரிக்கு என்ன அர்த்தம்னு எழுதல, அதனால டிபென்டன்ட்னும் எழுதல. 4 மார்க்தான் விழுந்துச்சு. 'இங்க ஜீரோ வந்தா என்ன அர்த்தம்?'னு கேட்டேன், கொஞ்ச நேரம் பார்த்துட்டு 'ஒரு வெக்டர மத்த ரெண்டையும் வெச்சு எழுதிடலாம்'னு கரெக்டா சொன்னா, டிபென்டன்ட்னா அதுதான். தெரிஞ்சிருக்கு. 'இத ஏம்மா எழுதல'ன்னா 'அங்க கணக்கு போட்டாலே ஃபுல் மார்க் மேடம், காரணம் எல்லாம் கேக்க மாட்டாங்க'ன்னா. பாருங்க, அந்த 6 மார்க் அறிவுக்குப் போனது இல்ல, இங்க என்ன எதிர்பார்க்குறாங்கன்னு யாரும் சொல்லாததுக்குப் போனது. அவ பேப்பர் முழுக்க இதே கதைதான், ஒரு அரை மணி நேரத்துல எங்கெங்க மார்க் போச்சுன்னு அவளே பென்சில்ல குறிச்சுட்டா. மார்க்கப் பார்த்து பேப்பர மடிச்சு வெக்கிறவங்களுக்கு இது தெரியவே வாய்ப்பில்ல.

அதனால என்கிட்ட வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது திருத்தின பேப்பரத் திறங்க, டீச்சர்கிட்ட எடுத்துட்டுப் போங்கன்னுதான். சந்தேகம் கேக்கன்னே எல்லா ப்ரொஃபசரும் வாரத்துல கொஞ்ச நேரம் ஒதுக்கி வெச்சிருப்பாங்க, அந்த நேரத்துல நிறைய பேர் ரூம்ல தனியாத்தான் உக்காந்திருப்பாங்க, யாரும் வர மாட்டாங்க. நல்லா படிக்கிறவங்க வருவாங்க, வர வேண்டியவங்க வர மாட்டாங்க. போய் 'எனக்கு ஒன்னும் புரியல'ன்னு சொன்னா அவங்களுக்கும் எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாது. 'இந்தக் கணக்குல மூணாவது ஸ்டெப் வரைக்கும் வந்தேன், இங்க ஏன் இப்படி மாறுதுன்னு தெரியல'ன்னு நீங்க போட்டுப் பார்த்த பேப்பரோட போனீங்கன்னா பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும், அந்த டீச்சருக்கும் உங்க முகம் ஞாபகம் இருக்கும்.

அடுத்தது நேரம். இத யாரும் கூட்டிப் பார்க்குறதில்ல. அமெரிக்க முறைல ஒரு கிரெடிட்னா வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிளாஸ், அதுக்கு மேல ரெண்டு மணி நேரம் சொந்தமா படிக்கணும்னுதான் கணக்கு. 15 கிரெடிட் எடுத்தா வாரத்துக்கு 45 மணி நேரம், அது ஒரு முழு நேர வேலை. ஐரோப்பால வருஷத்துக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்னுக்கும் 25லருந்து 30 மணி நேரம் உழைப்புன்னு வெச்சிருக்காங்க. இது தெரியாம பழைய காலேஜ்ல கிளாஸ்ல கேட்டதே போதும்னு இருந்த அதே பழக்கத்துல வந்துட்டு, கூடவே பார்ட் டைம் வேலையும் வாரத்துக்கு 20, 25 மணி நேரம் பார்த்துட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு புக்கத் திறந்தா எந்தப் புள்ளையால முடியும்? வேலைய விடச் சொல்ல எனக்கு மனசு வராது, ஃபீஸுக்கு அதுதான் வழின்னு இருக்குறவங்க இருக்காங்க. ஆனா அப்படிப்பட்டவங்க முதல் செமஸ்டர்ல கோர்ஸக் குறைச்சு எடுக்கணும், அதுவும் மூணு கஷ்டமான பேப்பர ஒன்னா எடுக்கவே கூடாது. இடைல வந்ததால சீக்கிரம் ஈடு கட்டணும்னு எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக்குறாங்க பாருங்க, அதுதான் நான் அதிகமா பார்க்குற விபரீதம்.

படிக்கிற முறையும் மாறணும். 2006ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணினாங்க. ஒரு குரூப் ஒரு பாடத்த திரும்பத் திரும்ப படிச்சுது, இன்னொரு குரூப் படிச்சுட்டு அப்புறம் பார்க்காம ஞாபகத்துலருந்து எழுதிப் பார்த்துது. 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா திரும்பத் திரும்ப படிச்சவங்கதான் முன்னாடி நின்னாங்க. ஒரு வாரம் கழிச்சு வெச்சா எழுதிப் பார்த்தவங்க ரொம்ப முன்னாடி போயிட்டாங்க. முந்தின நாள் ராத்திரி படிச்சு மறுநாள் காலைல எழுதுற பரீட்சைக்கு பழைய முறை ஓடும். செமஸ்டர் முழுக்க ஒன்னு மேல ஒன்னு கட்டிட்டுப் போற பாடத்துக்கு ஓடாது. இங்க ஹைலைட்டரால மஞ்சள் பூசின புக்கு வெச்சிருக்குறவங்கதான் 'படிச்சேன் மேடம் ஆனா வரல'ன்னு கண்ணு கலங்குறாங்க, நிஜமாவே படிச்சிருக்காங்க, அந்த உழைப்பு வீணாப் போறதப் பார்க்க எனக்குத் தாங்கல. புக்க மூடி வெச்சுட்டு வெத்துப் பேப்பர்ல கணக்கப் போட்டுப் பாருங்க, எங்க கை நிக்குதோ அதுதான் இன்னிக்கு படிக்க வேண்டிய இடம். முடிஞ்சா கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, இந்தக் கோர்ஸுக்கு முந்தின கோர்ஸோட பழைய கேள்வித்தாள் ஒன்ன இங்கருந்து வாங்கி உக்காந்து எழுதிப் பாருங்க. இடைவெளி இருக்குன்னு பயந்துட்டு இருப்பீங்க, எழுதிப் பார்த்தா அது பகுதி பின்னம், காம்ப்ளெக்ஸ் நம்பர், இன்டக்ரேஷன் பை பார்ட்ஸ்னு மூணு நாலு தலைப்புலதான் இருக்கும், ரெண்டு வாரத்துல சரி பண்ணிடலாம்.

தனியா படிக்கிறதப் பத்தி ஒன்னு சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமும் இதுதான். 1970கள்ல அமெரிக்கால பெர்க்லி யுனிவர்சிட்டில யூரி ட்ரைஸ்மன்னு ஒருத்தர் கால்குலஸ்ல கறுப்பின மாணவங்க ஏன் இவ்வளவு பேர் தோத்துப் போறாங்கன்னு தேட ஆரம்பிச்சார். அங்க இருந்த ஆசிரியர்கள்கிட்ட கேட்டா ஆர்வம் இல்ல, அடிப்படை சரியில்ல, வீட்ல ஆதரவு இல்ல, பண வசதி இல்லன்னு நாலு காரணம் சொன்னாங்க. அவர் 20 கறுப்பின மாணவங்க, 20 சீன வம்சாவளி மாணவங்க பின்னாடியே போய் எப்படி படிக்கிறாங்கன்னு பார்த்தார். நாலு காரணமும் பொய்யாப் போச்சு. கறுப்பின மாணவங்க சொன்ன நேரத்துக்கு சொன்ன அளவு உழைச்சாங்க, ஆனா தனித்தனியா ரூம்ல உக்காந்து உழைச்சாங்க. சீன மாணவங்க தனியா படிச்சுட்டு அப்புறம் ஒன்னா உக்காந்து ஒருத்தர் விடைய ஒருத்தர் பார்த்தாங்க, ஒரு கணக்கு யாருக்குமே வரலன்னா அது கணக்கோட கஷ்டம், நம்ம மேல தப்பில்லன்னு அவங்களுக்குப் புரிஞ்சுது. தனியா இருக்குறவங்களுக்கு அது தெரியவே தெரியாது, நமக்கு மட்டும்தான் வரலன்னு நினைச்சுக்குவாங்க. அதுக்கப்புறம் ட்ரைஸ்மன் குரூப்பா உக்காந்து பண்ற வொர்க்‌ஷாப் ஆரம்பிச்சார், அதுல மந்தமானவங்களுக்குன்னு ஈஸியான கணக்கு குடுக்கல, இன்னும் கஷ்டமான கணக்கத்தான் குடுத்தார், அதுல சேர்ந்த மாணவங்க கால்குலஸ்ல நல்லாவே மேல வந்தாங்க. மாறி வர்ற புள்ளைங்க நிலைமையும் அச்சு அசல் இதேதான், அவங்களுக்கு இங்க கூட உக்கார ஆள் இல்ல. மூணு பேர் போதும், வாரத்துல ஒரு நாள் ஒரே டேபிள்ல.

இதெல்லாம் புள்ளைங்க பண்ண வேண்டியது, ஆனா மொத்த பாரத்தையும் அவங்க தலைல வெக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. யுனிவர்சிட்டி என்ன பண்ணுது? முதல் வருஷ புள்ளைங்களுக்குப் போடுற அதே ஓரியன்டேஷன்ல இவங்களையும் கொண்டு போய் உக்கார வெச்சு லைப்ரரி எங்க இருக்கு, கேன்டீன் எங்க இருக்குன்னு காட்டுது. இவங்களுக்கு வேண்டியது அது இல்ல, நான் படிச்ச எந்தப் பேப்பர் இங்க செல்லும், எது செல்லாது, எத மறுபடி படிக்கணும்னு கோர்ஸ் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி எழுத்துல சொல்லணும். 2017ல அமெரிக்க அரசோட தணிக்கை அலுவலகம் குடுத்த அறிக்கைல, 2004லருந்து 2009 வரைக்கும் காலேஜ் மாறின மாணவங்க சராசரியா 43 சதவீதம் கிரெடிட்ட இழந்திருக்காங்கன்னு மதிப்பிட்டிருந்தாங்க. படிச்சதுல கிட்டத்தட்ட பாதி. அந்தப் பணமும் அந்த வருஷமும் யாரோடது? சில பேப்பர் எலெக்டிவ்ங்கற பேர்ல, அதாவது விருப்பப் பாடமா ஏத்துக்குவாங்க, மெயின் பாடத்துக்கு செல்லாது, இது செமஸ்டர் பாதில தெரிய வரும், அப்போ அழுது என்ன பிரயோஜனம். முதல் வாரத்துல ஒரு டெஸ்ட் வெச்சு, அது மார்க்குக்கு இல்லன்னு சொல்லி, இடைவெளி இருக்குறவங்களுக்கு மாலைல ஒரு ஆறு வாரம் பாடம் நடத்துறது பெரிய செலவே கிடையாது, ஒரு ஆசிரியர் ஒரு ரூம், அவ்வளவுதான். முன்னாடி இதே மாதிரி மாறி வந்து இப்போ ஃபைனல் இயர்ல இருக்குறவங்கள இவங்களோட சேர்த்து விட்டாலே பாதி வேலை முடியும். எங்களப் போன்ற ஆசிரியர்களும் முதல் கிளாஸ்லயே இங்க விடை எப்படி எழுதணும், எதுக்கு மார்க் போடுவோம்னு ஒரு முழு மார்க் வாங்கின பேப்பரக் காட்டி சொல்லிடணும்.

பெத்தவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முதல் ரிசல்ட் வந்த அன்னிக்கு போன்ல 'எவ்வளவு கஷ்டப்பட்டு சேர்த்தோம்'னு ஆரம்பிக்காதீங்க, அது அவங்களுக்கு உங்கள விட நல்லாவே தெரியும். 'எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு, யார்கிட்ட கேட்ட?'னு கேளுங்க. சரியா சாப்பிடல, தூங்கல, போன் எடுக்கல, எதுலயும் பிடிப்பில்லாம பேசுறாங்கன்னு வாரக்கணக்குல தெரிஞ்சா மார்க்க ஓரமா வெச்சுட்டு நேர்ல போய்ப் பாருங்க, காலேஜ் கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அதுல வெட்கப்பட ஒன்னுமே இல்ல.

கடைசியா இப்போ இந்த நிலைமைல இருக்குற புள்ளை யாராவது இதப் படிச்சா, இன்னிக்கே உங்க யுனிவர்சிட்டி காலண்டர எடுத்து கோர்ஸ்லருந்து விலக கடைசி தேதி எதுன்னு பாருங்க. நிறைய இடத்துல அந்த தேதிக்குள்ள விலகினா மார்க் ஷீட்ல 'டபிள்யூ'ன்னு மட்டும் வரும், ஜிபிஏங்கற சராசரி கிரேடு பாயின்ட்ல சேராது, தேதி தாண்டிட்டா ஃபெயில்தான் ஏறும். ஆனா விலகுறதுக்கு முன்னாடி ஸ்காலர்ஷிப், லோன் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க, குறைஞ்சபட்ச கிரெடிட் இல்லன்னா அது நின்னு போகலாம். அமெரிக்கால ஸ்டூடன்ட் விசால இளநிலை டிகிரி படிக்கிறவங்க வழக்கமா செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழ போகக் கூடாது, படிப்புல சிரமம்னு காரணம் காட்டி குறைக்கணும்னா இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட் ஆபீஸ்ல முன்கூட்டியே அனுமதி வாங்கணும், வாங்காம விலகினா விசாவுக்கே பிரச்சினை. எந்தப் பேப்பர விடுறது எத வெச்சுக்குறதுன்னு தனியா ராத்திரி உக்காந்து முடிவெடுக்காதீங்க, அட்வைசர்கிட்டயும் அந்தந்தப் பாடம் எடுக்குற டீச்சர்கிட்டயும் நேர்ல போய், திருத்தின பேப்பரக் கைல வெச்சுக்கிட்டு கேளுங்க.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை